வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஏமி வைன்ஹவுஸ் பற்றிய ‘ஏமி’ ஆவணப்படம் ஒரு பாடகியின் சீரழிவைக் காட்சிப்பொருளாக்குகிறது என்கிறார்களே, உண்மையா?

பதில்: முழுவதும் அப்படிச் சொல்ல முடியாது. ஆசிஃப் கபாடியா இயக்கி 2015-இல் வெளிவந்து, சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதையும் பெற்ற இப்படத்தில், பேட்டி கொடுப்பவர்களின் முகங்கள் பெரும்பாலும் திரையில் வருவதில்லை. அவர்களின் குரல்கள் பின்னணியில் ஒலிக்க, ஏமியின் வீட்டுக் காணொளிகளே நம் கண்முன் விரிகின்றன. அவர் பாடும்போது வரிகள் திரையில் எழுத்தாகத் தோன்றுவதால், கொண்டாட்டமாகக் கேட்ட பாடல்கள் எல்லாம் அவருடைய வாக்குமூலங்கள் என்பது நமக்கு உறைக்கிறது.

2008-இல் ஐந்து கிராமி விருதுகளை வென்ற இரவில், லண்டன் மேடையில் நின்றபடி, தம் ஆதர்சப் பாடகர் டோனி பென்னட் திரையில் தோன்றியதும் வாய்பிளந்து பார்க்கிறார் அந்தப் பெண். சற்று நேரத்தில், போதைப்பொருள் இல்லாமல் இதெல்லாம் சலிப்பாக இருக்கிறது என்று தோழியிடம் சொல்லியிருக்கிறார். அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

எனினும், புகைப்படக்காரர்கள் அவரைத் துரத்தி எடுத்த காட்சிகளையே படமும் நீளமாகப் பயன்படுத்துவது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. அவருடைய தந்தையும், தம்மைத் தவறாகச் சித்திரிப்பதாகப் படத்தைக் கடுமையாக எதிர்த்தார். 2011 ஜூலை 23 அன்று, 27 வயதில், மிதமிஞ்சிய மதுவால் ஏமி இறந்தார். அதே ஆண்டு மார்ச்சில், பாடல் பதிவின்போது தடுமாறித் தம்மையே நொந்துகொள்ளும் அவரை, டோனி பென்னட் பொறுமையாகத் தேற்றும் காட்சிக்காகவாவது இப்படத்தைப் பாருங்கள்.