மணலைத் தேடிப் புதுச்சேரிக்குப் போகலாமா?

பயணப் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நாங்கள் திருச்சியில் வசிக்கிறோம். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் மூன்று நாள் புதுச்சேரிக்குப் போய்வரலாம் என்று எண்ணியிருக்கிறோம். என் கணவர், எழுபத்திரண்டு வயதான மாமியார், பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரு பிள்ளைகள் உடன் வருவார்கள். பிள்ளைகளுக்குக் கடலில் குளிக்க வேண்டும் என்பதே பெரிய ஆசை. என் நாத்தனாரோ, “அங்கே கடற்கரை என்று ஒன்றுமில்லை, கருங்கல் குவியல்தான் இருக்கிறது; சனி, ஞாயிறு வந்தால் நிற்க இடமிருக்காது; குடிப்பதற்கென்றே ஒரு கூட்டம் வரும்” என்கிறார். கணவரின் நண்பர் ஒருவர், அதைப்போல் ஓர் ஊர் இந்தப் பக்கத்தில் இல்லை என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகி, திருச்சி

பதில்: இருவர் சொல்வதும் மெய்தான். உங்கள் நாத்தனார் கடலைப் பற்றிப் பேசுகிறார். நண்பர் ஊரைப் பற்றிப் பேசுகிறார். பிள்ளைகள் காலை முதல் மாலை வரை அலையில் ஆட வேண்டும் என்பதற்காகவே போவதானால் புதுச்சேரி உங்களுக்கான இடம் அன்று. கடலோரமாக நடக்கவும், பழைய தெருக்களைப் பார்க்கவும், பெரியவர்களை நல்ல காற்றில் உட்கார வைக்கவும், இடையே ஒரு வேளை மட்டும் பிள்ளைகளைத் தண்ணீருக்கு அழைத்துச் செல்லவும் போவதானால், தயங்காமல் போகலாம். ஆனால் நீங்கள் சொல்லும் வாரத்தில் வேண்டாம். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கருங்கற்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றத்துடன் திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் அவற்றைக் கண்டுதான் ஏமாறுகிறார்கள். அவை இயற்கையாக அமைந்த பாறைகள் அல்ல, லாரிகளில் கொண்டுவந்து கொட்டப்பட்டவை. ஒரு தலைமுறைக்கு முன்பு வரை அங்கே மணற்பரப்பு இருந்தது. ஊரின் மூத்தவர்களைக் கேட்டால், தாங்கள் அங்கே விளையாடிய கதையைச் சொல்வார்கள். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்திக்கொண்டே இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சில மாதங்கள் மட்டும் இது திசைமாறும். 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டபோது, வடக்கு நோக்கி வந்த மணல் அங்கேயே தடுக்கப்பட்டுத் தெற்குப் பக்கத்தில் சேர்ந்தது. வடக்கே இருந்த நகரக் கடற்கரைக்கு வரவேண்டிய மணல் வராமல், இருந்ததும் அரித்துப் போயிற்று. கடல் சாலையை நெருங்கவே கற்களைக் கொட்டி அதைக் காத்தார்கள். அதன் பிறகு அரிப்பு நிற்கவில்லை. மேலும் வடக்கே நகர்ந்து, தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம் போன்ற மீனவ ஊர்களின் கரையை எடுக்கத் தொடங்கியது. அங்கேயும் கற்கள், கடலுக்குள் நீட்டிக் கட்டும் கற்சுவர்களான தூண்டில் வளைவுகள் என்று இது நீண்டுகொண்டே போகிறது. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டை அமைத்தபின், அந்த இடத்தில் மட்டும் மணல் மறுபடி சேர்ந்திருக்கிறது. முப்பது ஆண்டு காலம் மணலைப் பார்க்காத ஊர்மக்கள் அந்தச் சிறு பரப்பில் மாலைதோறும் வந்து உட்காருகிறார்கள்.

ஆகவே கடற்கரைச் சாலையைக் குளிக்கும் இடமாக எண்ணாமல் நடக்கும் இடமாக எண்ணிக்கொள்ளுங்கள். அப்படி எண்ணினால், தமிழ்நாட்டின் எந்தக் கடலோர நகரத்திலும் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கும். மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 மணி வரை அந்தச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒலிப்பான் சத்தம் இல்லாமல், பிள்ளைகளின் கையை விட்டுவிட்டு நடக்கக்கூடிய ஒரு சாலையை நம் ஊர்களில் வேறு எங்கே பார்க்கிறோம்? செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்று சொல்லப்படும் எட்டுக் கற்றூண்களுக்கு நடுவே நிற்கும் காந்தி சிலை, 1836இல் முதன்முதலாக ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான பிரெஞ்சு நினைவுச்சின்னம், தெற்குக் கோடியில் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆளுநராக இருந்த டூப்ளேயின் சிலை என்று எல்லாம் அந்த நடையிலேயே வந்துவிடும். உங்கள் மாமியார் காந்தி சிலையருகே உட்கார்ந்துகொண்டால், மற்றவர்கள் ஒரு கோடிவரை சென்று திரும்பலாம். மாலையைவிட விடியற்காலை நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம். கிழக்குக் கரையாதலால் சூரியன் கடலிலிருந்து எழுவதைத்தான் பார்க்க முடியும். கடலில் மறைவதைப் பார்க்கலாம் என்று மாலையில் காத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் என் கண்ணில் படுகிறார்கள்.

பிள்ளைகளின் குளியலுக்கு ஊரை விட்டுச் சற்றுத் தெற்கே போக வேண்டும். கடலூர் சாலையில் சுண்ணாம்பாறு படகுத் துறையிலிருந்து படகேறி, ஆறு கடலில் சேருமிடத்திலுள்ள மணல் திட்டுக்குப் போகலாம். பிள்ளைகளுக்கு அந்தப் படகுப் பயணமே போதுமான மகிழ்ச்சியைத் தரும். சின்ன வீராம்பட்டினத்திலுள்ள ஈடன் கடற்கரை 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. தூய்மைக்கும் பாதுகாப்பு ஏற்பாடுகளுக்குமாகத் தரப்படும் உலகளாவிய சான்று அது. அகலமான மணல்தான் வேண்டும் என்றால், புதுச்சேரிக்குத் தெற்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில், கடலூர் தேவனாம்பட்டினத்தில் வெள்ளிக் கடற்கரை இருக்கிறது. எங்கே போனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. வங்கக் கடலின் இந்தக் கரையில் ஆழம் சட்டென்று கூடும், இழுப்பும் அதிகம். அலை உடையாமல், பார்ப்பதற்கு அமைதியாகத் தெரியும் இடைவெளியில்தான், கரைக்கு வந்த நீர் மீண்டும் கடலுக்குள் ஓடுகிறது. பழக்கமில்லாதவர்கள் அமைதியாக இருக்கிறதே என்று அங்கேதான் இறங்குகிறார்கள். உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தில், அவர் காட்டும் எல்லைக்குள், முழங்கால் அளவு நீரில் மட்டும் பிள்ளைகளை விடுங்கள். நீங்களோ உங்கள் கணவரோ அவர்களுக்கும் கடலுக்கும் நடுவில் நிற்க வேண்டும்.

இனி நாத்தனாரின் மற்ற இரு குற்றச்சாட்டுகள். கூட்டம் உண்மை. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான் என்பதாலும், பெங்களூரிலிருந்தும் ஓர் இரவில் வந்துவிடலாம் என்பதாலும், வெள்ளி இரவு முதல் ஞாயிறு நண்பகல் வரை ஊர் நிரம்பி வழியும். அறை வாடகையும் அதற்கேற்ப ஏறும். அரையாண்டு விடுமுறையோ கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் வருகிறது. ஆண்டு முழுவதிலும் புதுச்சேரிக்கு மிக அதிகமானவர்கள் வரும் வாரம் அதுதான்; பருவமழையும் சில ஆண்டுகளில் அதுவரை முழுவதும் ஓய்ந்திருக்காது. ஆறு வயதுக் குழந்தையுடனும் மூட்டுவலியுள்ள பெரியவருடனும் புத்தாண்டு இரவில் கடற்கரைச் சாலையில் நிற்கும் துன்பத்தை நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. (மூட்டுவலி என்று நீங்கள் எழுதவில்லை, வயதைக் கண்டு நானாகச் சேர்த்துக்கொண்டேன், பொறுத்தருளுங்கள்.) மதுவின் விலை தமிழ்நாட்டைவிடக் குறைவு என்பதற்காக வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தின் இடம் வேறு. வார நாள்களின் மாலையில் கடற்கரைச் சாலையில் குடும்பங்களும் நடைப்பயிற்சி செய்கிறவர்களுமே மிகுதியாக இருப்பார்கள்.

எனவே பயணத்தைப் பிப்ரவரிக்குத் தள்ளிவையுங்கள் என்பதே என் யோசனை. ஞாயிறு பிற்பகல், கூட்டம் கலையும் நேரத்தில் போய்ச் சேர்ந்து, இரண்டு இரவு தங்கிச் செவ்வாய் மாலை திரும்பினால், பள்ளிக்கு இரண்டு நாள் விடுப்பு எடுத்தால் போதும். மூன்றாவது இரவு தேவையில்லை. கடற்கரைச் சாலைக்கும் மணக்குள விநாயகர் கோயிலுக்கும் நடக்கும் தொலைவில் அறை எடுங்கள். ஊருக்கு வெளியே நீச்சல் குளத்துடன் கூடிய விடுதி வாடகையில் மலிவாகத் தெரிந்தாலும், ஒவ்வொரு முறையும் ஆட்டோவுக்குப் பேரம் பேசுவதிலேயே மாலை போய்விடும். கோயில் யானை லட்சுமியைப் பற்றிப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். அது 2022 நவம்பரில் இறந்துவிட்டது.

கேள்வி: சென்ற மாதம் புதுச்சேரி சென்றிருந்தோம். பிரெஞ்சு ஊர் என்று சொன்னார்கள். மஞ்சள் சுவர்களின் முன்னால் படம் எடுத்துக்கொள்ளும் கூட்டத்தைத்தான் பார்த்தோம். அரிக்கமேட்டுக்கும் போனோம், புதரும் இடிந்த சுவரும் தவிர வேறொன்றும் இல்லை. இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏன் இவ்வளவு மிகைப்படுத்துகிறார்கள்?
— வாசகர், சேலம்

பதில்: மிகைப்படுத்துகிறார்கள் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். கடலுக்கும் பெரிய வாய்க்காலுக்கும் இடைப்பட்ட சில தெருக்களை மட்டுமே படங்கள் காட்டுகின்றன; அங்குள்ள வீடுகளில் பலவும் உயர்ந்த மதிலுக்கு உள்ளே இருப்பதால், வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சுவரும் காகிதப்பூக் கொடியும்தான் தெரியும். நீங்கள் வாய்க்காலைத் தாண்டி மேற்கே போயிருக்க வேண்டும். திண்ணையும் மரத்தூண் தாழ்வாரமும் தெருவை நோக்கியிருக்கும் தமிழர் வீடுகள் அங்கே இன்னும் நிற்கின்றன. ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து, 1736 முதல் கால் நூற்றாண்டு காலம் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியின் இல்லமும், பாரதிதாசனின் இல்லமும் நினைவகங்களாக உள்ளன. நம்மவர்கள் கூட்டம் கூட்டமாக மஞ்சள் சுவரைத் தேடிப் போவதும், பாரதி நடந்த தெரு காலியாகக் கிடப்பதும் எனக்குப் புரிவதில்லை.

அரிக்கமேட்டைப் பொறுத்தவரை தவறு உங்களுடையதன்று, வரிசை மாறிவிட்டது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து, ரோமானிய வணிகத்தோடு அந்த இடத்துக்கிருந்த தொடர்பை நிறுவினார். கிடைத்த மணிகளும் மட்பாண்டத் துண்டுகளும் அந்த மேட்டில் இல்லை, அவற்றில் ஒரு பகுதி பாரதி பூங்காவை அடுத்துள்ள புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிட்டு மேட்டுக்குப் போனால், ஆற்றங்கரையில் நிற்கும் அந்தச் சுவரும் மரங்களும் வேறு மாதிரித் தோன்றும். அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. திருச்சி வாசகியும் இதைக் கவனத்தில் கொள்ளவும்.

கேள்வி: ஆரோவிலுக்கு என்று தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டுமா?
— வாசகர், விருத்தாசலம்

பதில்: ஆரோவில் நகரின் நடுவிலுள்ள பொன்னிறக் கோள வடிவத் தியான மண்டபமான மாத்ரிமந்திரை வெளியிலிருந்து பார்ப்பது மட்டுமே நோக்கமானால் அரை நாள் போதும், வருகையாளர் மையத்திலிருந்து நிழலான பாதையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிருக்கும். உள்ளே அமர விரும்பினால் முன்பதிவு செய்ய வேண்டும். நேரில் போய்க் கேட்டால் அன்றே அனுமதி கிடைக்காது. உள்ளே போவது தியானத்துக்காகத்தான், சுற்றிப் பார்ப்பதற்காக அன்று. 1968இல் அந்த நகரம் தொடங்கப்பட்டபோது வெறும் செம்மண் பொட்டலாக இருந்த இடத்தில் இன்று இருக்கும் காட்டையே நான் அதன் சிறந்த காட்சி என்பேன்.

கேள்வி: கூட்டமில்லாத நாளில் போகச் சொல்கிறீர்கள். எனக்குக் கூட்டம் பிடிக்கும். புதுச்சேரிக் கடற்கரையைக் கூட்டத்தோடு பார்க்க எந்த நாள் ஏற்றது?
— வாசகி, மயிலாடுதுறை

பதில்: மாசி மகம். சுற்றுவட்டார ஊர்களின் சாமிகள் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகின்றன. ஒவ்வோர் ஊர் மேளத்தோடும் ஒவ்வோர் ஊர் சனமும் வரும். ஆடி மாதம்தான் வசதி என்றால், ஐந்தாம் வெள்ளிக்கிழமை வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரோட்டத்துக்குப் போங்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஆளுநர் வந்து வடம் பிடித்த தேர் அது. இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் தொட்ட பிறகே நகர்கிறது. இரண்டு நாளிலும் காலையிலேயே போய்விடுங்கள், வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்த வேண்டியிருக்கும்.