ஃபோர்ட்ரான் எப்படி நிலைபெற்றது?

அன்புள்ள ஐயா,

நான் பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் பாடப்புத்தகம் நிரல்மொழிகளின் வரலாற்றைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறது: முதலில் எந்திர மொழி, பிறகு அசெம்பிளி, அதன்பின் மனிதருக்குப் புரிகிற ஃபோர்ட்ரானும் கோபோலும். எளிமை தேவைப்பட்டதால் மொழிகள் எளிமையாகிக்கொண்டே வந்தன என்பதுதான் இதன் சாரமா? பைதான் எழுதும் எனக்கு ஃபோர்ட்ரானின் கதை எதற்குப் பயன்படும்?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

அந்த வரிசை தேர்வுக்கு உதவும். ஆனால் நடந்தது என்ன என்பதை அது மறைத்துவிடுகிறது. எளிமையான வழிகள் ஃபோர்ட்ரானுக்கு முன்பே இருந்தன. கணினி அறிவியலாளர் கிரேஸ் ஹாப்பர் 1952இல் யூனிவாக் கணினிக்கு ஏ-0 என்ற கம்பைலரைச் (நிரலை எந்திர மொழிக்கு மாற்றித் தரும் நிரலை) செய்திருந்தார். பின்னாளில் ஃபோர்ட்ரானை உருவாக்கிய ஜான் பேக்கஸே ஐபிஎம் 701 கணினிக்காக ஸ்பீட்கோடிங் என்ற முறையை அமைத்திருந்தார். அதில் நிரல் எழுதுவது எளிது, ஓட்டம்தான் மெதுவானது. அந்த மெதுவை அன்று பொறுத்துக்கொள்ள முடிந்தது. 701இல் ஃப்ளோட்டிங் பாயிண்ட் கணக்குக்கு, அதாவது தசமப் புள்ளி இடம் மாறும் எண்களின் கணக்குக்கு, வன்பொருள் கிடையாது. அதைத் துணை நிரல்களைக் கொண்டே போட வேண்டியிருந்ததால் பெரும்பாலான நேரம் அதற்கே போனது, மற்ற விரயமெல்லாம் அதற்குள் மறைந்துகொண்டது.

1954இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 704 ஃப்ளோட்டிங் பாயிண்ட் கணக்கையும் இன்டெக்ஸ் ரெஜிஸ்டர்களையும் (பட்டியலில் எத்தனையாவது எண் என்பதை வைத்துக்கொள்ளும் சிறு இடங்களையும்) வன்பொருளிலேயே கொண்டிருந்தது. அதோடு மறைவிடம் போயிற்று. தேவையற்ற ஒவ்வொரு கட்டளையும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. இன்னொரு பக்கம், கணினி மையங்களில் நிரலாளர்களுக்கான செலவு கணினிக்கான செலவுக்குக் குறையாமல் இருந்தது என்றும், கணினி நேரத்தில் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை பிழை நீக்குவதற்கே போனது என்றும் பேக்கஸ் எழுதியிருக்கிறார். ஆகவே எளிமையை எல்லோருமே விரும்பினார்கள். அதற்காக வேகத்தை விட்டுக்கொடுக்கத்தான் யாரும் தயாராக இல்லை. கையால் எழுதிய நிரலின் பாதி வேகத்தில் ஓடினாலும் தம் முயற்சியை ஒருவரும் ஏற்க மாட்டார்கள் என்ற அச்சம் பேக்கஸின் குழுவுக்கு இருந்தது. அதனால் அவர்களுடைய உழைப்பில் பெரும்பகுதி மொழியை வடிவமைப்பதில் செலவாகவில்லை, கம்பைலருக்கே செலவானது. மொழியைப் போகிற போக்கில் அமைத்துக்கொண்டார்கள் என்றே சொல்லலாம்.

இதற்கு ஒரு சான்றை அருகில் வைத்துப் பார்க்கலாம். 704இல் இன்டெக்ஸ் ரெஜிஸ்டர்கள் மூன்றே மூன்று. அவற்றை நிரலின் எந்தப் பகுதிக்கு ஒதுக்குவது என்று தீர்மானிக்க, எந்தப் பகுதி அடிக்கடி ஓடும் என்பது தெரிய வேண்டும். இதற்காகவே முதல் ஃபோர்ட்ரானில் ‘ஃப்ரீக்வென்ஸி’ என்றொரு கூற்று இருந்தது: நிரல் கிளை பிரியும் இடத்தில் எந்தக் கிளைக்கு எத்தனை முறை போகக்கூடும் என்பதை நிரலாளரே எழுதித் தரலாம். குழுவில் இருந்த லோயிஸ் ஹைப்ட் எழுதிய கம்பைலர் பகுதி அந்த எண்களை வைத்துக்கொண்டு, தற்செயல் எண்களின் உதவியால் நிரலின் போக்கைப் பாவனையாக ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு துண்டும் எத்தனை முறை ஓடும் என்று மதிப்பிட்டது. நிரலை ஓட்டும் முன்பே அதன் போக்கைக் கணிக்க முயன்ற இந்தக் கம்பைலர் வெளிவந்தது 1957 ஏப்ரலில்! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழுவின் மீது மரியாதை கூடுகிறது.

வன்பொருளின் சாயல் மொழியிலும் படிந்திருந்தது. அன்றைய ‘இஃப்’ கூற்று உண்மையா பொய்யா என்று கேட்கவில்லை. ஒரு கணக்கின் விடை சுழிக்குக் கீழா, சுழியா, மேலா என்று பார்த்து மூன்று இடங்களில் ஒன்றுக்குத் தாவியது. மனித மனத்துக்கு இது இயல்பான கேள்வி அல்ல. ஆயினும் அந்தக் கூற்று ஃபோர்ட்ரான் 2018 தரநிலையில்தான் மொழியிலிருந்து நீக்கப்பட்டது.

கோபோலின் கதை வேறு. 1959 மே மாதம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகனில் ஒரு பொது மொழிக்காகக் கூடியவர்களை உறுத்தியது கணினியை மாற்றும்போதெல்லாம் நிரலைத் திருப்பி எழுத வேண்டியிருந்த செலவு. 1960 டிசம்பரில் ஆர்சிஏ கணினியிலும் யூனிவாக்கிலும் ஒரே கோபோல் நிரல் சிறு மாற்றங்களோடு ஓடிக் காட்டியது. ஃபோர்ட்ரானையும் கோபோலையும் ‘மூன்றாம் தலைமுறை’ என்று ஒரே பெட்டிக்குள் போட்டால் இந்த வேறுபாடு தொலைந்துபோகும்.

உங்கள் பைதானுக்கு வருகிறேன். பைதானில் எண் கணக்குக்கான நம்பையில் அணிச் சமன்பாடுகளைத் தீர்க்கும்போது வேலை லாபேக் என்ற நூலகத்தின் செயல்முறைகளுக்குப் போகிறது. லாபேக் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டது. ஃபோர்ட்ரான் அணிகளை நெடுவரிசை நெடுவரிசையாக நினைவகத்தில் அடுக்கும். நம்பை இயல்பாகக் கிடைவரிசைப்படி அடுக்கும். அணியை உருவாக்கும்போது வரிசைமுறைக்கு நீங்கள் தரக்கூடிய ‘எஃப்’ என்ற எழுத்து ஃபோர்ட்ரானைத்தான் குறிக்கிறது. பெரிய அணி ஒன்றை இரு முறையிலும் அடுக்கி, நெடுவரிசைகளை ஒவ்வொன்றாகக் கூட்டி நேரத்தை அளந்து பாருங்கள். பிறகு 704க்காக 1956 அக்டோபரில் வெளியான ஃபோர்ட்ரான் கையேட்டைத் தேடிப் படியுங்கள். சிறிய கையேடுதான், ‘ஃப்ரீக்வென்ஸி’ பற்றிய பகுதியிலிருந்து தொடங்கினால் நான் மேலே சொன்னவை நேரடியாக விளங்கும்.