பேரன் மாற்றிக் கொடுத்த கணினி

கணினி கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 71. கோயில் தொண்டூழியர் குழுவின் கூட்டக் குறிப்புகளை எழுதுவது பல வருடங்களாக என் பொறுப்பு. விண்டோஸ் 10 காலம் முடிந்துவிட்டது என்று சொல்லி, என் பேரன் மடிக்கணினியில் அதற்குப் பதிலாக லினக்ஸ் மிண்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு தேசிய சேவைக்குப் போய்விட்டான். வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவான். வேர்டைக் காணோம். சி டிரைவைக் காணோம். பழைய குறிப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. தமிழில் தட்டவும் முடியவில்லை. புதிதாக எழுதி அனுப்பியதைச் செயலாளர், "ஏதோ ஓடிடி கோப்பாம், என் கைப்பேசியில் திறக்கவில்லை" என்கிறார். பேரனைக் கேட்டால், "ஈஸி தாத்தா, எல்லாம் அதேதான்" என்கிறான். எனக்குத்தான் மூளை மங்கிவிட்டதா?
வாசகர், ஈசூன்

பதில்: ஐயா, மூளை மங்கியவர் இவ்வளவு தெளிவாகக் கடிதம் எழுதமாட்டார். எது எது எப்படித் தவறுகிறது என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறீர்கள். என்னிடம் வரும் இளைஞர்கள் பலர் "வேலை செய்யல" என்பதோடு நிறுத்திவிடுவார்கள்.

பேரன் செய்த காரியம் தப்பில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. கணினி அதற்குப் பிறகும் ஓடும். ஆனால் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் இலவசத் திருத்தங்கள் தானாக வந்துகொண்டிருக்காது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் கேட்கிறது. நல்ல நிலையில் இருக்கும் பழைய மடிக்கணினிகள் பல அங்கேதான் தடுக்கி நிற்கின்றன. அப்படி ஒன்றைக் குப்பையில் போடாமல் மிண்ட் போட்டது நல்ல யோசனை. "எல்லாம் அதேதான்" என்று சொன்னதுதான் சரியில்லை. அதே அல்ல.

முதலில் பழைய குறிப்புகள். அவற்றில் 'தமிழ்' என்ற சொல் இருக்கும் இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் தெரிகின்றனவா? அப்படியானால் நீங்கள் இத்தனை காலம் பயன்படுத்தியது பாமினி எழுத்துரு. அது, ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் தரும் யுனிகோடு என்ற பொதுமுறைக்கு முந்தைய வழி. கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான், அவற்றுக்கு மேலே தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுவது எழுத்துரு. மிண்டில் அந்த எழுத்துரு இல்லை, போர்வை விலகிவிட்டது. குறிப்புகள் எதுவும் அழியவில்லை, கவலை வேண்டாம். தட்டச்சு போனதும் இதே காரணத்தால்தான். இரண்டு வியாதி என்று நீங்கள் நினைத்தது ஒன்றே.

பழைய பென் டிரைவிலோ குழுவில் வேறு யாருடைய கணினியிலோ அந்த எழுத்துருக் கோப்பு இருக்கும். அதை உங்கள் கணினியில் இருமுறை சொடுக்கினால் ஒரு சன்னல் திறக்கும், 'இன்ஸ்டால்' பொத்தானை அழுத்துங்கள். பிறகு ரைட்டரை, அதாவது வேர்டின் இடத்தில் இப்போது உங்களிடம் இருக்கும் செயலியை, மூடித் திறந்தால் பழைய குறிப்புகள் தமிழில் தெரியும், பழையபடி தட்டவும் வரும். இந்த மாதக் கூட்டத்துக்கு இது போதும்.

அதற்கப்புறம் நேரம் எடுத்துக்கொண்டு தமிழ் 99 விசைப்பலகைக்கு மாறுங்கள் என்று உங்களை மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். தமிழ் இணைய மாநாடு 1997-இல் நம் சிங்கப்பூரில், நா. கோவிந்தசாமியின் முயற்சியில் நடந்தது. 1999-இல் சென்னையில் கூடியபோது இந்த விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ், கைப்பேசி எல்லாவற்றிலும் அதே அமைப்பு கிடைக்கிறது. ஒரு தடவை விரல் பழகிவிட்டால் நாளைக்குப் பேரன் வேறு எதைப் போட்டுக் கொடுத்தாலும் உங்கள் தமிழ் உங்களோடு வரும். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். வேகம் வரச் சில வாரம் ஆகலாம். மிண்டின் விசைப்பலகை அமைப்பில் 'லேஅவுட்ஸ்' பகுதிக்குப் போய் அதைச் சேர்க்கலாம்.

வேர்டுக்குப் பதிலாக உங்களிடம் இருப்பது லிப்ரே ஆபீஸ் ரைட்டர். அது தன் வழக்கப்படி ஓடிடி வடிவத்தில் சேமிக்கும். 'டூல்ஸ்' பட்டியலில் 'ஆப்ஷன்ஸ்', அதற்குள் 'லோட் / சேவ்', அதற்குள் 'ஜெனரல்'. அங்கே 'ஆல்வேஸ் சேவ் ஆஸ்' என்ற இடத்தில் வேர்டைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இனி எல்லாம் வேர்டு கோப்பாகவே சேமிக்கப்படும். ஆனால் செயலாளருக்கு அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். மேலேயுள்ள கருவிப்பட்டையில் அதற்கென்றே பொத்தான் இருக்கிறது. எழுத்துரு கோப்புக்குள்ளேயே சேர்ந்து போவதால் அவர் கைப்பேசியிலும் தமிழ் தமிழாகவே தெரியும்.

சி டிரைவைத் தேடாதீர்கள், லினக்ஸில் அது கிடையாது. 'ஹோம்' என்ற அடைவுதான் உங்கள் வீடு, 'டாகுமென்ட்ஸ்' அதற்குள் இருக்கிறது. அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழையும் சிங்பாஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: ஃபயர்ஃபாக்ஸில் பக்கத்தைத் திறந்து, வரும் கியூஆர் கட்டத்தைக் கைப்பேசியால் வருடுவது முன்பு போலவேதான்.

இனி பேரனுக்கு ஒரு வார்த்தை. தம்பி, சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் தாத்தாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார். மவுஸ் அவர் கையிலேயே இருக்கட்டும். சமூக மன்ற உதவி மேசையில் நான் ஓயாமல் பார்க்கும் காட்சி இது: அம்மா சுட்டியை மெதுவாக நகர்த்தி மெனுவின் மேல் கொண்டுபோவார். அது திறப்பதற்குள் மகன் குறுக்கே கை நீட்டி மவுஸை வாங்கிவிடுவார். டக் டக் என்று நாலு சொடுக்கு. "புரிஞ்சுதாம்மா?" அம்மா தலையாட்டுவார். மவுஸை விட்ட அந்தக் கை மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒன்றும் புரிந்திருக்காது, புரிந்ததா என்று மகனும் பார்த்திருக்கமாட்டார். எனக்கு மனசு ஆறாது. பல வருடம் ஒரே இடத்தில் சொடுக்கிய விரலுக்கு அந்த இடம் காலியாக இருக்கும்போது வரும் தவிப்பு வயதால் வருவதில்லை, பழக்கத்தால் வருவது. உனக்கும் வரும். அதனால் நீ வாயால் மட்டும் சொல், அவர் செய்யட்டும். குறிப்பையும் அவரே தம் சொந்த வார்த்தையில் ஒரு நோட்டில் எழுதட்டும். "கீழே இடது மூலைக் குறி, அப்புறம் ஆபீஸ், அப்புறம் ரைட்டர்" என்று அவர் எழுதினால் அவருக்குப் புரியும். கூட்டக் குறிப்பு எழுதுவது, பிடிஎஃப் அனுப்புவது, இரண்டும் தானாக வந்த பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

லினக்ஸுக்கு மாறலாமா என்று யோசிக்கும் மற்றவர்களுக்கு: மிண்டைப் பென் டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்க்கலாம், கணினியில் எதுவும் மாறாது. பயன்படுத்தப்போகிறவர் அப்படி ஓட்டிப் பார்த்துச் சம்மதித்த பிறகு நிறுவுங்கள்.

கேள்வி: மகனுக்குப் பள்ளி மூலம் வாங்கிய குரோம்புக்கில் அவன் எழுதிய தமிழ்க் கட்டுரை எங்கே போனதென்று தெரியவில்லை. கேப்ஸ் லாக் விசையும் இல்லை. ரீசெட் செய்துவிடலாமா?
வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: செய்யாதீர்கள், அம்மா! 'பவர்வாஷ்' என்னும் அந்த ரீசெட், கருவியிலேயே சேமித்த எல்லாவற்றையும் துடைத்துவிடும். 'ஃபைல்ஸ்' செயலியில் 'டவுன்லோட்ஸ்' பாருங்கள். அங்கே இல்லையென்றால் பள்ளிக் கணக்கில் நுழைந்து கூகுள் டிரைவில் 'ரீசென்ட்' பாருங்கள். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கேப்ஸ் லாக்குக்கு, ஆல்ட் விசையோடு அதன் இடத்தில் உள்ள தேடல் விசையை அழுத்துங்கள். சில அமைப்புகளைப் பள்ளியே நிர்வகிப்பதால் உங்களால் மாற்ற முடியாமல் போகலாம், அவற்றை ஆசிரியரிடம் கேளுங்கள்.

கேள்வி: மகள் மேக்புக் வாங்கித் தந்தாள். என் பழைய ஹார்ட் டிஸ்கில் உள்ள குடும்பப் படங்களைப் பார்க்க முடிகிறது, புதிய படங்களைச் சேர்க்க முடியவில்லை. டிஸ்க் கெட்டுவிட்டதா?
வாசகி, சிராங்கூன்

பதில்: இல்லை. டிஸ்கில் கோப்புகளை அடுக்கி வைக்கப் பல முறைகள் உண்டு. விண்டோஸில் பயன்படுத்திய டிஸ்க் என்டிஎஃப்எஸ் முறையில் இருந்திருக்கும். மேக் அதைப் படிக்கும், அதில் எழுதாது. இரண்டிலும் எழுத எக்ஸ்ஃபேட் முறை வேண்டும். ஆனால் அந்த முறைக்கு மாற்றும்போது டிஸ்கில் உள்ள அத்தனையும் அழிந்துவிடும். முதலில் எல்லாப் படங்களையும் வேறோர் இடத்துக்கு நகலெடுங்கள். நகலில் சில படங்களைத் திறந்து, சரியாக வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அதன் பிறகு மேக்கின் 'டிஸ்க் யுடிலிட்டி'யில் மாற்றிக்கொள்ளலாம். திரையில் 'இரேஸ்' என்று வரும்போது எந்த டிஸ்கின் பெயர் தேர்வாகியிருக்கிறது என்பதை இன்னொரு தடவை படித்துவிட்டு அழுத்துங்கள்.