வழியில் பழுத்த பழங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கே: சென்னையில் தினமும் காலை நடை போகிறேன். இந்த வெயில் காலத்தில் வழியில் என்னென்ன பழம் பறித்துச் சாப்பிடலாம்?

முதலில் தேன்பழ மரத்தைத் தேடுங்கள். சர்க்கரைப்பழம் என்றும் சொல்வார்கள், இலங்கையில் ஜாம்பழம். வெப்ப அமெரிக்காவிலிருந்து வந்த மரம்தான், ஆனால் யாரும் நடாமலேயே காம்பவுண்டுச் சுவர் ஓரத்தில் முளைத்து இரண்டு மூன்று வருஷத்தில் காய்த்துவிடும், எல்லாம் அணிலும் குருவியும் வௌவாலும் போட்ட விதை. கிளைகள் படுக்கைவாட்டில் விரிந்திருக்கும், இலையைத் தொட்டால் மெல்லிய ரோமமும் பிசுபிசுப்பும் விரலில் தெரியும், பூ சின்னதாக வெள்ளையாக இருக்கும். கோலிக்குண்டு அளவுப் பழம் சிவந்து, லேசாக அழுத்தினாலே மெத்தென்று அமுங்கினால் பழுத்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே விதை மணல் மாதிரி இருக்கும், அப்படியே வாயில் பிதுக்கிக்கொள்ளலாம். வருஷம் முழுக்க ஏதோ நாலு பழமாவது தொங்கும், அதனால் பழகத் தொடங்குபவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது இந்த மரத்தைத்தான்.

கொடுக்காப்புளி மே மாதத்தோடு முடிந்துவிடும். நாவல் ஜூனில் உச்சம். இலந்தையை இப்போது தேடாதீர்கள், அது மார்கழி, தை மாதத்துப் பழம்.

கே: தாம்பரம் பக்கம் புதரில் கறுப்பாக ஒரு பழம் பார்த்தேன், கிள்ளினால் பால் வருகிறது. பால் வந்தால் விஷம் என்பார்களே?

எதிரெதிராக வழுவழுப்பான இலை, கணுவில் ஜோடி முள், மல்லிகை சாயலில் வெள்ளைப் பூ, இத்தனையும் இருந்தால் நீங்கள் பார்த்தது களா. காயாக இருக்கும்போது பால் நிறைய வரும், வாயெல்லாம் ஒட்டும். நன்றாகக் கறுத்துக் கனிந்த பிறகு புளிப்பும் இனிப்புமாக அருமையாக இருக்கும். ஆனால் பால் விதியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், ஏனென்றால் களாவும் அரளியும் ஒரே குடும்பம். பால் வரும் செடி எதுவானாலும் பூ, இலை, முள், பழம் நான்கையும் பார்த்த பிறகுதான் வாயில் வைக்க வேண்டும். "கொஞ்சம் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடலாம்" என்ற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

கே: மணத்தக்காளிப் பச்சைக்காயில் நச்சு இருக்கிறது என்கிறார்கள். அப்புறம் எப்படி வற்றல் போடுகிறோம்?

நல்ல கேள்வி. பச்சைக்காயில் சோலனின் என்ற நச்சு இருப்பது உண்மை, பழுக்கப் பழுக்கக் குறையும். வற்றல் தெரிந்த செடியிலிருந்து போடுவது, அதிலும் வறுத்துச் சோற்றோடு தொட்டுக்கொள்வது கொஞ்சம்தான். வழியில் கண்ட செடியில் பச்சைக்காயைக் கைநிறையப் பறித்துத் தின்பது வேறு விஷயம், வயிற்றைப் புரட்டும், குழந்தைகளுக்கு இன்னும் மோசம். கருநீலமாகப் பழுத்ததை மட்டும் எடுங்கள். செடியில் முள் இருந்தால் அது மணத்தக்காளி இல்லை. இன்னொன்று, இந்தச் செடி சாக்கடை ஓரத்தில்தான் கொழுகொழுவென்று வளரும். அங்கே எவ்வளவு பழுத்திருந்தாலும் விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கே: சின்ன வயதில் உன்னிப்பழம் நிறையத் தின்றிருக்கிறோம். என் பிள்ளைக்கும் பறித்துக் கொடுக்கலாமா?

வேண்டாம். பச்சைக்காய் நச்சு, ஒரே கொத்தில் பச்சையும் கறுப்பும் கலந்து நிற்கும், நாலு வயதுப் பிள்ளை பொறுக்கிப் பொறுக்கியா தின்னும்?

கே: நடை போன இடத்தில் என் மகள் குண்டுமணி பொறுக்கி வந்து வைத்திருக்கிறாள். ஆபத்தா?

ஆபத்துதான், தயவுசெய்து இன்றே எடுத்துவிடுங்கள். களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைப்பதால் நமக்கு அது பழகிய பொருளாகிவிட்டது. ஓடு கெட்டி என்பதால் முழுசாக விழுங்கினால் பல நேரம் ஒன்றும் ஆகாமல் வெளியே வந்துவிடும், ஆனால் கடித்து உடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் அப்ரின் என்ற நச்சால் உயிருக்கே ஆபத்து, ஒரே ஒரு மணி கூட. வாந்தி, பேதி பல மணி நேரம் கழித்துத்தான் தொடங்கலாம், அதனால் "பிள்ளை நன்றாகத்தானே விளையாடுகிறாள்" என்று காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், மிச்சமிருக்கும் விதையையும் கையோடு கொண்டுபோங்கள், நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பூங்காக்களில் வேலிக்கு வைக்கும் மஞ்சள் அரளியின் காயும் இதே பட்டியல், அது இதயத்தைத் தாக்கும். காட்டாமணக்கு விதையும் நச்சுதான், நிலக்கடலை மாதிரி ருசியாக இருப்பதால் பிள்ளைகள் கூட்டமாகத் தின்றுவிட்டு மருத்துவமனைக்குப் போவது நம் ஊரில் புதிதில்லை. எந்தப் பழம் தின்னலாம் என்று பிள்ளைக்குச் சொல்லித் தருவதற்கு முன் இந்த மூன்றையும் நேரில் காட்டிவிடுங்கள்.

கே: எங்கள் தெருவில் பெரிய நாவல் மரம் இருக்கிறது. விழுந்த பழத்தைப் பொறுக்கலாமா, பறிக்க யாரிடமாவது கேட்க வேண்டுமா?

பஸ் ஓடும் ரோடு என்றால் புகையும் தூசியும் பழத்தில் படிந்திருக்கும், நாய் வேறு. உள்தெரு மரம் நல்லது. காலை ஆறு மணிக்கு அடியில் பழைய வேட்டியை விரித்துக் கிளையை உலுக்குங்கள், அடிபடாமல் விழும். கொறித்த தடம் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள், இரவில் நாவலுக்கு வௌவால் வராமல் இருக்காது, கேரளத்தில் 2018-இல் வௌவாலிடமிருந்து பரவும் நிபா வைரஸ் வந்த பிறகு இதை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. வீட்டில் இரண்டு மூன்று தண்ணீரில் கழுவி, உப்புத் தூவிப் பத்து நிமிஷம் வைத்துச் சாப்பிடுங்கள்.

கேட்பதைப் பொறுத்தவரை, வீட்டு வாசல் மரம் என்றால் அந்த வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள், மாநகராட்சிப் பூங்கா என்றால் காவலாளியிடம். நெடுஞ்சாலைப் புளியமரங்களை ஏலம் விடுவார்கள், அங்கே கை வைத்தால் ஏலம் எடுத்தவர் சண்டைக்கு வருவார், அது நியாயம்தான். கிண்டி தேசியப் பூங்காவுக்குள் விழுந்த பழம் கூட எடுக்கக் கூடாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தருவதில்லை. அங்கே அது மானுக்கு.