கிராம்பு மொட்டு வெளுத்துப் போவது ஏன்?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் மாறாமலைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கிராம்பு மரங்கள் உள்ளன. மொட்டுப் பறித்துச் சாக்கில் கட்டி, மறுநாள் காயப்போடுகிறோம். பாதிக்கு மேல் வெளுத்துச் சுருங்கிவிடுகிறது. மருந்துக்கு ஆகாது என்று வைத்தியர் திருப்பிவிட்டார். உரம் போதவில்லையா? பல்வலி எண்ணெய் வீட்டிலேயே காய்ச்சலாமா?

பதில்: உரத்தின் மேல் பழி போடாதீர்கள். கோளாறு அந்தச் சாக்கில்தான் இருக்கிறது. பச்சை மொட்டு ஒரு ராத்திரி அடைந்து கிடந்தால் சூடேறிப் புளித்துவிடும். அப்புறம் எந்த வெயிலில் போட்டாலும் வெளுத்துத்தான் காயும். பறித்த அன்றே கொத்தை உள்ளங்கையில் வைத்து அழுத்தித் திருப்புங்கள். மொட்டு தனியே உதிரும். பாயிலோ சிமெண்டு களத்திலோ மெல்லியதாகப் பரப்பினால் நல்ல வெயிலில் நாலைந்து நாளில் காய்ந்துவிடும். காம்பு கரும்பழுப்பாகவும் தலை இளம்பழுப்பாகவும் இருந்தால் பதம் சரி. மூன்று கிலோ பச்சைக்கு ஒரு கிலோ தேறும்.

பறிக்கும் பருவத்தையும் கவனியுங்கள். மருந்துக்கு வேண்டியது மொட்டில் இருக்கும் எண்ணெய்தான். பச்சை மாறி இளஞ்சிவப்பு ஏறும்போது, இதழ் விரிவதற்கு முன் பறிக்க வேண்டும். விரிந்த பூவுக்கு மதிப்பில்லை. ஒரே மரத்தில் எல்லாக் கொத்தும் ஒன்றாக முற்றாது. ஆள்கூலி பார்த்து ஒரே தடவையில் உருவிவிடுகிறார்கள். பிஞ்சும் பூவும் கலந்து சரக்கு கெடுவது அதனால்தான். முற்றியதை மட்டும் பார்த்து, பல தடவையாகப் பறியுங்கள். ஏணி வைத்து ஏறுங்கள். தொரட்டி போட்டு இழுத்தால் கிளை நுனி ஒடியும். அடுத்த மொட்டு அந்த நுனியில்தான் வர வேண்டும்.

வைத்தியரிடம் கொண்டுபோகும் முன் ஒரு மொட்டை நகத்தால் அழுத்திப் பாருங்கள். எண்ணெய் கசிய வேண்டும். தண்ணீரில் போட்டால் நல்லது மூழ்கும், அல்லது தலை மேலே நிற்கக் குத்தென மிதக்கும். எண்ணெய் போனது படுத்து மிதக்கும்.

மொட்டு உதிர்த்த கொத்துக் காம்பை எறியாதீர்கள், அதிலும் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு எண்ணெய் உண்டு. ஆனால் கிராம்புத் தைலம் என்பது ஆவியில் வடிப்பது, அடுப்பில் காய்ச்சிக் கிடைக்காது. நல்லெண்ணெயில் மொட்டை ஊறவைத்து வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். பல்வலிக்கு ஒரு மொட்டை வலிக்கிற பல்லில் கடித்திருந்தாலே போதும், நம் பாட்டிகள் செய்ததும் அதுதான். வடித்த தைலத்தை நேராக ஈறில் தடவினால் வெந்துவிடும், குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. பல் சொத்தையாக இருந்தால் பல் மருத்துவரிடம் போங்கள். கிராம்பு வலியை மரக்கடிக்குமே தவிர, சொத்தையை ஆற்றாது.