கயாக்கில் கேமரா: காசை எதில் போடுவது?

கேள்வி: பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் கயாக் ஓட்டியபடி பறவைகளைப் படம் எடுக்க ஆசை. என்னிடம் 18-55 மி.மீ. லென்ஸுடன் பழைய டிஎஸ்எல்ஆர் இருக்கிறது. ‘வெதர் சீல்டு’ (இடுக்குகளில் ஈரம் புகாதபடி அடைப்பு வைத்த) கேமராவுக்கு மாறினால் தண்ணீர் பயமே இல்லை என்கிறார் கடைக்காரர். மாறலாமா?

பதில்: வேண்டாம். அந்த சீல் தூறலையும் துடுப்பு தெறிக்கும் துளியையும் தாங்கும்; கேமரா தண்ணீரில் விழுந்தால் கைவிட்டுவிடும். வாரண்டி அட்டையின் பொடி எழுத்தைப் படியுங்கள், தண்ணீர் புகுந்த பழுதுக்குப் பொறுப்பில்லை என்றுதான் பெரும்பாலும் இருக்கும். தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐபி67 தர முத்திரையே ஒரு மீட்டர் ஆழம், 30 நிமிடம் என்ற கணக்குதான். அதுவும் நல்ல தண்ணீரில். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் பிச்சாவரத்தில் இருப்பதோ உவர்நீர்.

இருக்கிற கேமராவே போதும். அதிர்வுக் கட்டுப்பாடுள்ள 70-300 லென்ஸைப் பழையதாகப் பார்த்து வாங்குங்கள். லென்ஸின் எண் பெரிதானால் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும்; 55-இல் கொக்கு வெறும் வெள்ளைப் புள்ளி. 600 வேண்டாம், துடுப்பை வைத்த கணமே கயாக் மெல்லத் திரும்பும், அந்தக் கனத்தைத் தூக்கிக் குறிபார்ப்பதற்குள் மீன்கொத்தி போயிருக்கும். ஷட்டர் வேகம் 1/1000 நொடியைவிட மெதுவாக வேண்டாம். அதிர்வுக் கட்டுப்பாடு கைநடுக்கத்தைத்தான் சரிக்கட்டும், பறவையின் அசைவை அல்ல. மரங்கள் கவிந்த வாய்க்காலுக்குள் நுழைந்தால் வெளிச்சம் சட்டென்று குறையும். ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன் அளவை) ஆட்டோவில் விடுங்கள்.

மிச்சக் காசுக்கு ரப்பர் வளையம் வைத்த கெட்டிப் பெட்டி. முழங்கால்களுக்கு நடுவே வைத்தால் ஒரு கையால் திறக்கலாம். வளையத்தில் ஒரு தலைமுடி சிக்கினாலும் தண்ணீர் கசியும், மூடுமுன் விரலால் தடவிப் பாருங்கள். வாங்கியதும் உள்ளே டிஷ்யூ பேப்பர் போட்டு மூடி, கல் ஏற்றி, வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் அமுக்கி வையுங்கள். பேப்பரின் ஓரம் நனைந்திருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். படகில் லென்ஸ் மாற்றவே கூடாது. கரையேறியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்துணியால் ஒற்றுங்கள்.

கேள்வி: ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று ஆன்லைனில் விற்ற டிரை பேக் (வாயைச் சுருட்டி மூடும் நீர்புகாப் பை) ஒழுகுகிறது. மாற்றித் தர மறுக்கிறார்கள்.

பதில்: முதலில் வாயை எத்தனை சுற்று சுருட்டினீர்கள்? மூன்றுக்குக் குறைந்தால் எந்தப் பையும் ஒழுகும். சரியாகச் சுருட்டியும் ஒழுகினால் வாளிச் சோதனையை வீடியோ எடுத்து, பில்லோடும் அந்த விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டோடும் சேர்த்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். விளம்பரத்திலேயே ‘நீரில் மூழ்கக் கூடாது’ என்று போட்டிருந்தால் வாளிச் சோதனை செல்லாது. குழாயடியில் பிடித்து எடுத்த வீடியோவை அனுப்புங்கள்.