சுவரைத் தள்ளும் வகுப்பு

கேள்வி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை நான். ஒரே அறையில் 34 பிள்ளைகள். ஒரு பையனால் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. அப்பா இறந்ததிலிருந்து ஒரு பெண் குழந்தை வாயே திறப்பதில்லை. நடுநடுவே ஆட, குதிக்க விட்டால் மனசுக்கு நல்லது என்கிறார்கள். சத்தம் வந்தால் பக்கத்து வகுப்பில் கோபிக்கிறார்கள். என்ன செய்யட்டும் டீச்சர்?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: தாராளமாக ஆடவிடுங்கள் அம்மா. 31 வருஷம் சின்ன வகுப்புகளில் இருந்தவள் நான். முதல் சில வருஷங்கள் ‘கையைக் கட்டு, வாயில் விரல் வை’ என்றே பிள்ளைகளை வாட்டிவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

சத்தமில்லாமலே செய்யலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் சுவரோரம் நிறுத்தி, “சுவர் நகருதா பார்ப்போம்” என்று இரண்டு உள்ளங்கைகளாலும் தள்ளச் சொல்லுங்கள். பத்து எண்ணும்வரை. தோளிலிருந்து கெண்டைக்கால்வரை வேலை செய்யும்; கையை எடுத்ததும் தானாக ஒரு பெருமூச்சு வரும். அப்புறம் கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நிற்கட்டும். கடைசியாக, உள்ளங்கையில் சூடான கஞ்சி இருப்பதாக நினைத்து மெதுவாக ஊதட்டும். மூச்சை நீளமாக வெளியே விடும்போது இதயத்துடிப்பு நிதானப்படும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். குதிப்பதில் கொண்டுபோய் முடித்தால் வகுப்பை அடக்க முடியாது.

அந்தப் பையனிடம் நோட்டுக் கட்டைத் தூக்கிவரும் வேலையைக் கொடுங்கள். தரையில் சாக்பீஸால் எண்கோடு போட்டு, ஏழோடு ஐந்தைக் குதித்தே கூட்டட்டும். அவன் செய்த குறும்புக்காக விளையாட்டு பீரியடை மட்டும் பிடுங்காதீர்கள். 5 முதல் 17 வயதுவரை தினம் சராசரியாக 60 நிமிஷம் நன்றாக ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொல்லியிருக்கிறது. அவனுக்குத்தான் அது மற்றவர்களைவிட அதிகம் தேவை.

அந்தப் பெண் குழந்தையை எதற்கும் வற்புறுத்த வேண்டாம். பாட்டி இறந்ததும் பேச்சை நிறுத்திய ஒருத்தி என் வகுப்பிலும் இருந்தாள். குலைகுலையாய் முந்திரிக்காய் ஆடும்போது வட்டத்தில் வந்து உட்காருவாள், அவ்வளவுதான். அவள் பின்னால் துணியைப் போட வேண்டாம் என்று மற்ற பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருந்தேன். மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன், பக்கத்துப் பிள்ளையின் பின்னால் துணி கிடப்பதை இவள் பார்த்துவிட்டாள். முழங்கையால் இடித்து, “ஏய், உனக்குத்தான்டி, ஓடு!” என்றாள். காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது ஆட்டத்தின் விதி. நான் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டேன்.

ஆனால் துக்கம் ஆட்டத்தோடு தீர்ந்துவிடாது. பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்று அவள் அம்மாவிடம் கேளுங்கள். இல்லையென்றால் தள்ளிப்போட வேண்டாம். டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைக்கு 14416-ஐ அழையுங்கள், கட்டணம் கிடையாது.

பக்கத்து வகுப்பு டீச்சரை, அவர் பிள்ளைகளோடு ஒருநாள் சுவர் தள்ளக் கூப்பிடுங்கள்.

கேள்வி: தோப்புக்கரணம் உடம்புக்கு நல்லதுதானே, அதையே தண்டனையாகக் கொடுத்தால் என்ன?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம் ஐயா. டீச்சரும் சேர்ந்து வகுப்பு முழுக்கப் போட்டால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே போடுவார்கள். ஒருவனை மட்டும் எல்லோர் எதிரிலும் போடவைத்தால் அவமானம்தான் அவன் மனசில் தங்கும். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-வது பிரிவில், உடலை வருத்தும் தண்டனை, மனதைத் துன்புறுத்துவது இரண்டையுமே தடை செய்திருக்கிறது.